கிரியேட்டினின் 1.3 இருக்கும் அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?

பெரம்பூர்வாசி:
அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை இருக்கிறது. தலைச்சுற்றல் விடாமல் இருப்பதால் மூளைக்கு கான்ட்ராஸ்ட்டோடு (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் மருந்து) எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் நரம்பியல் டாக்டர். ரத்தப் பரிசோதனையில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.3. அந்த ஊசி கிட்னியைக் கெடுத்துவிடும் என்கிறார் அத்தை, கதிர்வீச்சு அதிகம் என்கிறார் மாமா. உள்ளே என்னதான் நடக்கிறது? காந்தத்தின் பலம் 1.5 டெஸ்லா போதுமா, 3 டெஸ்லா இருக்கிற சென்டராகத் தேடணுமா?

ஃபிசிக்ஸ் வாத்தியார்:
மாமாவிடம் முதலில் சொல்லுங்கள், இதில் எக்ஸ்ரே கிடையவே கிடையாது. உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் உள்ள இடமெல்லாம் ஹைட்ரஜன் இருக்கிறது, அதன் கருவில் உள்ள புரோட்டான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். 1.5 டெஸ்லா என்பது சென்னையில் நம்மைச் சுற்றியுள்ள பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல், அப்படியும் பத்து லட்சம் புரோட்டானுக்கு ஐந்து போலத்தான் புலத்தின் பக்கம் கூடுதலாகத் திரும்புகின்றன, உடம்பில் கோடானுகோடி இருப்பதால் அதுவே போதும். பிறகு சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைக் கொடுத்து அவற்றைச் சாய்க்கிறார்கள், அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை தரும் சிக்னலைத்தான் காயில் என்கிற கம்பிச்சுருள் பிடிக்கிறது. திரும்பும் வேகம் திசுவுக்குத் திசு மாறும், படத்தில் தெரியும் வித்தியாசமெல்லாம் பெரும்பாலும் அதுதான். 3 டெஸ்லாவில் இதே அலை 128 மெகாஹெர்ட்ஸ், நம்ம எஃப்.எம். இரண்டுக்கும் நடுவே வருகிறது. வெளி ரேடியோ அலைகள் நுழையாதபடி அறையைச் சுற்றிச் செம்புத் தகடு பதிப்பது அதனால்தான்.

சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை, காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாற்றும் கிரேடியன்ட் காயில்கள் காட்டிக்கொடுக்கும். இந்த வழியைக் கண்டதற்குத்தான் லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003-ல் நோபல் கிடைத்தது. அந்தக் காயில்களில் மின்சாரம் சட்சட்டென்று மாறும்போது அவை அதிர்கின்றன, டமடம சத்தம் அதுதான், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஸ்கேன் ரூம்காரன்:
கான்ட்ராஸ்ட் பற்றி நான் சொல்கிறேன், சென்டரில் தினமும் கேட்கிற கேள்வி. உங்கள் அத்தை மனதில் வைத்திருப்பது அநேகமாக சி.டி. ஸ்கேனில் போடும் அயோடின் மருந்து. எம்.ஆர்.ஐ.யில் போடுவது காடோலினியம். அதன் அயனியில் இணையில்லாத எலக்ட்ரான்கள் 7 இருப்பதால் பக்கத்தில் உள்ள தண்ணீர்ப் புரோட்டான்கள் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும், கட்டி, வீக்கம் மாதிரி மருந்து கசியும் இடங்கள் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.

தனியாக விட்டால் காடோலினியம் விஷம், அதனால் வேறொரு மூலக்கூறு அதைப் பிடித்து வைத்திருக்கும். நீள அமைப்பு, வளைய அமைப்பு என்று இரண்டு வகை. காடோடெரேட், காடோபுட்ரால் போன்ற வளைய வகைகள் நன்றாக இறுக்கிப் பிடிக்கும். கிட்னி மிகவும் கெட்டவர்களுக்குத் தோல் இறுகிப் போகும் ஒரு நோய்க்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருப்பது 2006-ல் வெளியே வந்தது, பெரும்பாலும் நீள வகையால்தான். 2017-ல் ஐரோப்பா நீள வகைகள் பலவற்றை நிறுத்திவைத்தது.

உங்கள் அம்மாவுக்கு வயதோடு கணக்குப் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் அளவு, 46 போல வருகிறது. முக்கியமான கவலை 30-க்குக் கீழே போனவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும்தான். ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், எந்த மருந்து போடுகிறீர்கள் என்று சென்டரில் தைரியமாகக் கேளுங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு காடோடெரேட் என்றால் 12 மில்லி. தலைச்சுற்றலுக்கு 1.5 டெஸ்லாவே பெரும்பாலும் போதும்.

என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது காந்தத்துக்குத்தான். அந்தக் காந்தத்தின் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் கிடக்கிறது, ஸ்கேன் நடக்காதபோதும் காந்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 2018-ல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போன ஒருவர் உயிரையே விட்டார். தாலிக்கொடியில் கோர்த்த ஊக்கு, ஹேர்பின், மெட்டி, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடச் சொல்லுங்கள். தாலியைக் கழற்ற மனசு வராது, மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு வரலாம். ஜரிகைப் புடவையும் வேண்டாம், சூடாகும்.

பெரம்பூர்வாசி:
ரொம்ப நன்றி சார். அம்மாவுக்கு முன்பு கை உடைந்து பிளேட் வைத்திருக்கிறது, அது பரவாயில்லையா?

ஸ்கேன் ரூம்காரன்:
டைட்டானியம் பிளேட் என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனாலும் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கரோ காதுக்குள் வைக்கும் கருவியோ இருந்தால் அதையும் அப்போதே சொல்லணும், அந்தக் கருவியின் மாடல் நம்பரைப் பார்த்துத்தான் உள்ளே விடுவோம்.