அந்தக் கொலரை எனக்கும் தைத்துத் தாருங்கள், நானா

காலி வீதிக்காரி:

கைப்பேசியை நீட்டி, "இந்தக் கொலர் வேண்டும், நானா" என்று என் தையற்காரரிடம் கேட்டேன் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் அழைப்போம்). அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தார். "உங்களுக்குக் கழுத்து குட்டை, தங்கச்சி" என்றார். வெள்ளவத்தையில் பதினாறு வருடமாக எனக்குத் தைத்துத் தருபவர். அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

நான் காட்டியது 'இன் த மூட் ஃபோர் லவ்' படத்தின் ஒரு காட்சி. வொங் கார்-வாய் இயக்கி 2000ஆம் ஆண்டு வந்த படம். கதை தொடங்குவது 1962இன் ஹொங்கொங்கில். மேகி சியுங் சொங்சாம் என்ற சீன உடுப்பு அணிந்து வருவார். கழுத்தோடு ஒட்டி நிற்கும் உயர்ந்த கொலர், உடம்பை விட்டு விலகாத தையல், பூவும் கோடுமாக அச்சிட்ட துணிகள். இரவில் நூடில்ஸ் வாங்கப் பாத்திரமும் கையுமாக ஒடுங்கிய படிகளில் இறங்குவார், ஏறுவார். அவ்வளவுதான் காட்சி. அடுத்த முறை அதே படியில் வரும்போது உடுப்பு மாறியிருக்கும். நாள் கழிந்துவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் படத்தின் உடை, கலை, படத்தொகுப்பு எல்லாவற்றிலும் வில்லியம் சாங்கின் கை இருக்கிறது. காட்சியை வெட்டுகிறவரே துணிக்கும் பொறுப்பு என்றால் இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

கொழும்பில் சொங்சாம் போட்டுக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறும் துணிவு எனக்கு இல்லை. அதனால் கொலரை மட்டும் சாறிச் சட்டைக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். புறக்கோட்டையில் கெய்சர் வீதிப் புடவைக் கடைகளில் அரை நாள் அலைந்து, பச்சையில் மஞ்சள் பூப்போட்ட பருத்தித் துணி ஒன்றேகால் மீற்றர் வாங்கினேன். சாறி வெறும் கறுப்பு. நானா தைத்தும் தந்தார். கொலர் நிற்க வேண்டுமே என்று கன்வஸை இரண்டாக மடித்து உள்ளே வைத்திருந்தார்.

முதன்முதலாக அதை உடுத்திப் போனது உறவினர் கல்யாணத்துக்கு. பம்பலப்பிட்டியில் மண்டபம், சித்திரை மாத வெயில். மாப்பிள்ளை வருவதற்கு முன்பே கழுத்தைச் சுற்றி வியர்வை ஊறிவிட்டது. குனிய முடியவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் இலை தெரியவில்லை. சோறு எங்கே, கத்தரிக்காய்க் குழம்பு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். எதிரே இருந்த சித்தி, "உனக்கு யாரோடு கோபம்?" என்று கேட்டார். நாடியை உயர்த்திக்கொண்டு எல்லாரையும் மேலிருந்து கீழாகப் பார்த்திருக்கிறேன் போல.

படத்தில் அந்தப் பெண் ஒருவரிடமும் எதையும் காட்டிக்கொள்ளாமல் நிமிர்ந்தே நடப்பாரே, அதில் பாதி கொலர் செய்த வேலை என்பது சோறு வாய்க்குப் போகாதபோதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குக் குனிய வழியே இல்லை. நான் மயங்கியது அந்த நிமிர்வில். கடையில் கேட்டதோ இரண்டு அங்குலக் கொலரை.

சட்டை இப்போது அலுமாரியில் தொங்குகிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை. திரையில் பார்த்து ஆசைப்பட்ட உடுப்பை நீங்களும் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். அது என்ன பாடு பட்டது என்று சொல்லுங்கள்.

ஊசி நூல்:

அக்கா, முதலில் அந்தக் கன்வஸைப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் மாதிரி தைக்கும் பிரிவில் பதினொரு வருடம் இருந்தவள் சொல்கிறேன். துணிப்பட்டியை நேராக வெட்டித் தைத்தால் அது குழாய் மாதிரிக் கழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும், நாடியில் இடிக்கும். இலேசான வளைவில் வெட்டினால்தான் கழுத்தின் சரிவோடு போகும். முன்கழுத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். உள்ளே மெல்லிய ஒட்டுத்துணி ஒரு படை போதும். இரண்டு அங்குல உயரமும் அதிகம், ஒன்றேகாலுக்கு இறக்குங்கள். நானாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். தையற்காரருக்கு இன்னொரு தையற்காரர் புத்தி சொன்னால் பிடிக்காது.

இன்னொன்று. திரையில் பார்க்கும் உடுப்பு அந்த ஒருவரின் உடம்புக்கென்றே அளந்து தைத்தது. அப்படியும் சரிவராவிட்டால் கமரா பார்க்காத முதுகுப் பக்கத்தில் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருப்பார்கள். ஒரே உடுப்பில் நாலைந்து பிரதி இருக்கும். ஒன்று கசங்கினால் அடுத்தது. நமக்கு இருப்பது ஒன்று, அதையே காலையிலிருந்து மாலை வரை போட்டுக்கொண்டு பஸ்ஸில் தொங்க வேண்டும். ஆகவே நான் திரையில் உடுப்பைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். இந்தப் பெண் இதைப் போட்டுக்கொண்டு படத்தில் ஏதாவது வேலை செய்கிறாளா, அல்லது நின்றுகொண்டே இருக்கிறாளா?

'பிகு' (2015) படத்தில் தீபிகா படுகோன் வேலை செய்கிறார். வீட்டையும் பார்க்கிறார், அலுவலகமும் போகிறார், வயிறு சரியில்லாத அப்பாவோடு டில்லியிலிருந்து கல்கத்தாவுக்குக் காரிலேயே பயணம் போகிறார். வீரா கபூர் வடிவமைத்த தளர்வான குர்தாக்கள். 138ஆம் இலக்க பஸ்ஸில் மகரகம போய், பமுணுவையில் துணி வாங்கி, அதே தளர்வில் மூன்று தைத்தேன். கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன், பக்கத்தில் பொக்கற் வைத்தேன். படத்தில் பொக்கற் இருந்ததா என்று நினைவில்லை, எனக்கு வேண்டியிருந்தது. ஐந்து வருடமாகப் போடுகிறேன். சினிமாவைப் பார்த்துத் தைத்தது என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பழைய வளையல்:

பிள்ளைகளே, எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என் கதை கொலர் அளவுக்கு நாகரிகமானது இல்லை, வளையல் கதை.

'பூவே பூச்சூடவா' 1985இல் வந்தது. பாசில் இயக்கிய படம், பத்மினி பாட்டி, நதியா பேத்தி. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் வீடியோ டெக் இருந்தது. கசெற் வாடகைக்கு எடுத்து, பதினான்கு பேர் ஒரே அறையில் இருந்து பார்த்தோம். படம் முடிவதற்குள் எங்கள் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் நதியா பைத்தியம் பிடித்துவிட்டது. தமிழ்நாட்டில் நதியா கம்மல், நதியா வளையல் என்று பெயர் வைத்தே விற்றார்கள். புறக்கோட்டை நடைபாதைக்கு அது வந்துசேர அதிக நாள் ஆகவில்லை. கலர் கலராக ஆறு வாங்கினேன், வலது கைக்கு மட்டும்.

அந்தக் காலக் கொழும்பு உங்களுக்குத் தெரியாது. 1983 ஜூலையில் தமிழர்களைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு இரண்டு வருடம்தான் கடந்திருந்தது. எங்கள் வீட்டில் வெளியே கிளம்பும்போது கண்ணாடி முன் நிற்பது அழகு பார்ப்பதற்கு அல்ல. அம்மா பொட்டை அழித்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவார். திரும்பி வந்து முகம் கழுவி மறுபடியும் வைப்பார். பஸ்ஸில் தமிழில் பேசக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது. யாருடைய கண்ணும் நம்மீது நிற்காத மாதிரி உடுத்த வேண்டும். எங்களுக்கு உடுப்பு என்றால் அதுதான் முதல் பாடம். இந்த நிலையில் நான் கையில் ஆறு வளையலை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மா ஒன்றும் ஏசவில்லை. "சத்தம் போடுகிறதே" என்றார்.

மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே போட்டேன். பாத்திரம் கழுவும்போது, படிக்கும்போது. ஒரு நாள் தட்டெழுத்து வகுப்புக்குப் போகும்போது கழற்ற மறந்துவிட்டேன் (மறந்தேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்). பஸ்ஸில் நின்றுகொண்டு மேல் கம்பியைப் பிடித்தேன். ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாக முழங்கைக்குச் சரிந்து விழுந்தன. பஸ் முழுவதும் கேட்டது போல் எனக்கு இருந்தது. பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, வெள்ளைப் பாடசாலைச் சீருடை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிங்களத்தில், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள்.

முழு வாக்கியம் பேசினால் என் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். புறக்கோட்டையின் சிங்களப் பெயரை, "பிட்டகொட்டுவ" என்று ஒரு சொல் மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். இறங்கும் வரைக்கும் அந்த வளையல்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள், என்னை அல்ல.

அதில் நாலு உடைந்துவிட்டது. இரண்டு இன்னும் இருக்கிறது. இப்போது கைக்குப் போகாது.

நீளக் களிசான்:

என்னுடையது சின்னக் கதை. 'ஆனி ஹோல்' (1977) படத்தில் டயான் கீட்டன் ஆண்களின் சேட், வெயிஸ்ட் கோட், டை, தொளதொள களிசானோடு வருவார். அதில் பல அவருடைய சொந்த உடுப்புகளே. அதைப் பார்த்துவிட்டு, இறந்துபோன அப்பாவின் சேட்டுகளில் நான்கைத் தோளில் மட்டும் சிறிதாக்கிப் போடத் தொடங்கினேன். அம்மா முதல் நாள் அழுதார், இரண்டாம் நாள் பொத்தான் தைத்துக் கொடுத்தார். காலி வீதியில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்று ஏமாற்றம்தான்.

கங்காணி பேரன் அல்லேன்:

ஆண்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று இருக்கட்டும். பிறந்தது ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலை கொழும்பில், அறை மருதானையில். 2016இல் 'கபாலி' வந்தபோது முதல் வாரமே திரையரங்கில் பார்த்தேன். பா. ரஞ்சித்தின் படம். கதை மலேசியாவில் நடந்தாலும் தோட்டத்துக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்களைப் பற்றியது. எங்களுக்கு அது அயல்நாட்டுக் கதை அல்ல. ரஜினிகாந்துக்கு அனு வர்தன் வடிவமைத்த கோட்டுகள். ஏன் கோட்டு என்பதற்குப் படத்துக்குள்ளேயே காரணம் சொல்கிறார்கள். காந்தி சட்டையைக் கழற்றியதையும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடுப்பில் அரசியல் இருக்கிறது என்கிறார்கள். காந்தி மேற்சட்டையைத் துறந்தது 1921இல், நம் மதுரையில். இருந்ததைக் கழற்றுவது ஒன்று. எங்கள் வீட்டில் கழற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சம்பளம் வந்ததும் கரும்பழுப்பில் ஒரு கோட்டு வாங்கினேன். கொழும்பில் அதைப் போட்டுக்கொண்டு மருதானைச் சந்தி வரை நடப்பதற்குள் முதுகு நனைந்துவிடும். அலுவலகக் குளிரூட்டிக்கு மட்டும் சரி. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ரயிலில் குளிர், போட்டுக்கொண்டே போனேன்.

தாத்தா திண்ணையில் இருந்தார். எண்பத்தாறு வயது. வேலை செய்த காலம் முழுக்க மழைக்குக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மலை ஏறியவர். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பேரன் என்று தெரிந்தபிறகு மறுபடி உட்கார்ந்தார். அந்த எழும்பலை நான் இன்றுவரை மறக்கவில்லை. தோட்டத்தில் கோட்டு போட்டவர்கள் இரண்டே பேர்தான், ஒன்று தோட்டத்தை நடத்தும் துரை, மற்றது கூலிகளை மேற்பார்க்கும் பெரிய கங்காணி என்றார். கங்காணிக்குத் தலைப்பாகையும் உண்டு. கோட்டு தெரிந்தால் எழும்ப வேண்டும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

துணியைத் தடவினார். விலை கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன், அதற்கே தலையில் கை வைத்தார். ராத்திரி குளிருகிறது என்று போர்த்திக்கொள்ளக் கேட்டார். காலையில் பார்த்தால் முறையாகக் கை நுழைத்து, பொத்தான் போட்டு, கீழே சாரத்தோடு கோயிலுக்குக் கிளம்பி நிற்கிறார். அங்கே யார் யார் எழுந்தார்கள் என்று திரும்பி வந்து எண்ணிச் சொன்னார்.

கோட்டு எனக்குத் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை. வேறொன்று வாங்கவும் இல்லை, கொழும்புக்கு அது தேவையும் இல்லை.

காலி வீதிக்காரி:

வளையல் அக்கா, அந்த இரண்டையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

ஊசி நூல், நீங்கள் சொன்னபடியே நேற்றுப் பின்னேரம் சட்டையை எடுத்துக்கொண்டு நானாவிடம் போனேன். வளைத்து வெட்டினால் கழுத்தோடு நிற்குமாம் என்று, என் சொந்த அறிவு போலச் சொன்னேன். "யார் சொன்னது?" என்றார். ஒருவரும் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை. ஆனால் கொலரைப் பிரித்து, மிச்சத் துணியில் சோக்குக் கட்டியால் வளைவு ஒன்று வரைந்து, என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தப் படத்தை மறுபடியும் காட்டச் சொன்னார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலால் பெரிதாக்கி, பக்கத்துத் தையலில் பூவோடு பூ சேருகிறதா என்று பார்த்தார். அடுத்த காட்சி, அதற்கு அடுத்த காட்சி. வெளியே இரண்டு பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய வெள்ளி எப்போதும் செவ்வாய்.