களத்துல விழுந்தவரை முதல்ல நனைக்கிறதா, ஆஸ்பத்திரிக்குத் தூக்குறதா?

பள்ளத்தூரான்:
போன வாரம் எங்க பக்கத்து அரிசி ஆலைக் களத்துல அவிச்ச நெல்லைக் கிளறிக்கிட்டிருந்த பெரியவர் உச்சி வெயில்ல சுருண்டு விழுந்துட்டார். கண்ணு திறந்திருக்கு, பேச்சு மட்டும் உளறல். சொந்த மகனையே யாருன்னு கேட்கிறார். தொட்டா தோசைக்கல்லு. மோட்டார் தண்ணியைத் திருப்பி விடுங்கன்னேன். "சூட்டு உடம்புல பச்சத்தண்ணி பட்டா ஜன்னி கண்டுரும்"னு மேஸ்திரி தடுத்துட்டார். ஆட்டோ பிடிச்சு, வழியில சோடா வாங்கி வாயில ஊத்தி, ஆஸ்பத்திரி சேர முக்கால் மணி நேரம். உசிரு இருக்கு, டயாலிசிஸ் ஓடுது. யார் சொன்னது சரி?

கோட்டையூர்வாசி:
மேஸ்திரி சொன்னதுதான். 108ஐக் கூப்பிடணும், ஏத்தி விடணும். நாமளா வைத்தியம் பார்க்கக் கிளம்பினா ஏதாச்சும் ஆனப்புறம் பழி நம்ம தலையில.

தேவகோட்டை சிஸ்டர்:
108ஐக் கூப்பிடுங்க, யார் வேணாம்னது? அது வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுதான் தப்பு. உள்சூடு 104 டிகிரியைத் தாண்டி, புத்தியும் தடுமாறினா அது வெறும் மயக்கம் இல்ல, ஹீட் ஸ்ட்ரோக். மூளை, ஈரல், கிட்னி, தசை எல்லாமே அடி வாங்குது. சூடு எவ்வளவு ஏறுச்சுங்கிறதைவிட எவ்வளவு நேரம் அங்கயே நின்னுச்சுங்கிறதுதான் ஆளைச் சாய்க்குது. அரை மணிக்குள்ள 102க்கு இறக்கிடணும். உங்க முக்கால் மணி ஆட்டோவுலயே போச்சு. புத்தி தெளிவில்லாதவர் வாயில சோடா ஊத்தினது அதுக்கு மேல, நுரையீரல்ல இறங்கினா என்ன பண்ணுவீங்க? "வேர்க்குதே, ஒண்ணுமில்ல"ன்னும் விட்டுடாதீங்க. வேலை பார்க்கும்போது விழறவங்க பல பேர் வேர்வையில நனைஞ்சுதான் கிடப்பாங்க.

கோட்டையூர்வாசி:
ஜில்லுன்னு ஊத்தினா ரத்தக்குழாய் சுருங்கி சூடு உள்ளயே தங்கிடும்னு கேள்விப்பட்டிருக்கேன். ரெண்டு பாராசிட்டமால் குடுத்துட்டு ஓடறது மேல்.

தேவகோட்டை சிஸ்டர்:
குழாய் சுருங்கறது நிஜம். தண்ணி சூட்டை இழுக்கிற வேகத்துக்கு முன்னாடி அது எடுபடாது. அமெரிக்காவுல ஃபால்மவுத்ங்கிற ஊர்ல வருஷா வருஷம் கோடையில ஓட்டப்பந்தயம். 18 வருஷத்துல ஹீட் ஸ்ட்ரோக் வந்து விழுந்த 274 பேரை ஐஸ் தண்ணித் தொட்டியில உட்கார வச்சாங்க. ஒருத்தரும் சாகல. மாத்திரை காய்ச்சலுக்குக் கேட்கும், ஏன்னா அங்க மூளையே சூட்டை ஏத்தி வைக்குது. இங்க ஏத்தினது வெயிலும் வேலையும். மாத்திரையால ஈரலுக்குக் கூடுதல் சுமைதான்.

கோட்டையூர்வாசி:
பந்தயத்துல ஓடறவன் இளவட்டம், பக்கத்துலயே தொட்டியும் டாக்டரும் தயார். பிள்ளைகள் சிங்கப்பூர்ல இருக்க, கானாடுகாத்தான்ல அத்தாம்பெரிய வீட்டுல தனியா கிடக்கிற ஆச்சியையும் ஐஸ்ல அமுக்குவீங்களோ?

தேவகோட்டை சிஸ்டர்:
நியாயமான கேள்வி. அவங்களை அமுக்க வேணாம். சேலையைத் தளர்த்தி, உடம்பு பூராத் தண்ணி தெளிச்சு ஃபேனை முழு வேகத்துல விடுங்க. கழுத்து, கக்கம், தொடை இடுக்குல ஐஸ். கனமான ஈரத் துண்டால மூடிட்டா காத்து படாது, சூடு வெளியேறாது. வயசானவங்க அதிகமா இறக்கிறது உண்மைதான். அவங்களுக்கு வீட்டுக்குள்ளயே மெல்ல மெல்ல ஏறுது, பால்காரர் வந்து கதவைத் தட்டும்போதுதான் தெரியுது. நீர் பிரியற மாத்திரை சாப்பிடறவங்களை இன்னும் கவனிக்கணும்.

ஆத்தங்குடி பட்டறை:
எங்ககிட்ட சிமெண்டுத் தரைக்கல்லு ஊறப்போடற தொட்டியில எப்பவும் தண்ணி நிக்கும். அதுல இறக்கலாமா சிஸ்டர்?

தேவகோட்டை சிஸ்டர்:
வேற வழியே இல்லன்னா. தலை முங்காம ஒருத்தர் பின்னாலருந்து கக்கத்துல கை கொடுத்துத் தாங்கணும். சிமெண்டுத் தண்ணி கண்ணுல படக்கூடாது, அப்புறம் நல்ல தண்ணியில கழுவிடுங்க. களத்துக்காரங்களுக்கு நெல் மூடற தார்ப்பாய் இருக்கே. நடுவுல ஆளைப் படுக்க வச்சு, சுத்தி நின்னு ஓரத்தைத் தூக்கிப் பிடிச்சு, தண்ணியும் ஐஸும் கொட்டி இப்படியும் அப்படியும் அசைக்கணும். நினைவு திரும்பி நடுங்க ஆரம்பிச்சா வெளியே எடுத்துடலாம்.

கோட்டையூர்வாசி:
இன்னொண்ணு இருக்கு. 2024ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சு, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம்னு ஆச்சு. நீங்க குளிர வச்சுக் கொண்டுபோனா ஆஸ்பத்திரியில 101தான் காட்டும். ஆள் தவறிட்டா வெயில்லதான் போனார்னு யார் எழுதுவா?

தேவகோட்டை சிஸ்டர்:
ஆள் பிழைக்கிறதுக்கு வழி பேசறோம், நீங்க பணத்துக்குப் போயிட்டீங்க. இருந்தாலும் சொல்றேன். எப்ப விழுந்தார், என்ன உளறினார், எத்தனை நிமிஷம் நனைச்சீங்க, ஒரு துண்டுச் சீட்டுல எழுதி டாக்டர் கையில குடுங்க, கேஸ் ஷீட்ல ஏறட்டும். கக்கத்துல வைக்கிற தெர்மாமீட்டரை நம்பி உட்காராதீங்க, உள்சூட்டைக் குறைச்சுத்தான் காட்டும்.

பள்ளத்தூரான்:
மேஸ்திரிகிட்ட இதையெல்லாம் காட்டினேன். தார்ப்பாய் கிடக்கு, கத்திரி முடியற வரைக்கும் தினம் ஐஸ் யார் செலவுன்னு கேட்கிறார்.

தேவகோட்டை சிஸ்டர்:
ஐஸ் இல்லன்னா போர் தண்ணியே போதும். குடம் ரெண்டு குடம் இல்ல, நிறுத்தாம ஊத்தணும்.

கோட்டையூர்வாசி:
ஐஸ் முதலாளி செலவுதான், அதுல எனக்கும் சிஸ்டருக்கும் சண்டை இல்ல. பன்னிரண்டுல இருந்து மூணு வரைக்கும் களத்துல ஆளை இறக்காம இருக்கச் சொல்லுங்க, அதுக்கு மேஸ்திரி என்ன சொல்றார்னு பார்ப்போம்.