மணி பிளான்ட் கூட செத்துப்போகுது, என்னதான் தப்பு பண்றேன்?

செடிகொல்லி:
வேளச்சேரில ரெண்டாவது மாடி ஃப்ளாட், ஹால்ல ஒரே ஜன்னல், அதுவும் வடக்கு பார்த்தது. எல்லார் வீட்லயும் மணி பிளான்ட் அது பாட்டுக்கு கர்ட்டன் கம்பி வரைக்கும் ஏறுது, எனக்கு மட்டும் இது மூணாவது செடி. வாங்கி 20 நாள்தான் ஆகுது, கீழ் இலையெல்லாம் மஞ்சள், தண்டு மண்ணுக்கிட்ட கருப்பாயிடுச்சு, மிச்ச இலையெல்லாம் தொங்குது. தொங்குதேன்னு தண்ணி ஊத்தறேன், இன்னும் தொங்குது. காலைல காபி குடிக்கறப்போ ஒரு டம்ளர், ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு டம்ளர், ஒரு நாள் கூட தவறினதில்ல. எதிர் வீட்டு மாமி, காசு குடுத்து வாங்கினா வராது, யாருக்கும் தெரியாம ஒடிச்சிட்டு வந்து வச்சாதான் வரும்ங்கறாங்க. திருடவும் ரெடி, அதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு.

மொட்டைமாடி:
தினம் ரெண்டு டம்ளரா! பாவம்ங்க அது. தொட்டிக்கு அடில ஓட்டை இருக்கா? மேல பாக்காதீங்க, விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள்ள விட்டுப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க.

செடிகொல்லி:
ஓட்டை இல்ல, வெள்ளை செராமிக் தொட்டி, தரை பாழாகக்கூடாதுன்னு தேடித் தேடி வாங்கினது. மேல காஞ்சுதான் இருக்கு, ஆனா உள்ள விரல் விட்டா சொதசொதன்னு சேறு, சாக்கடை நாத்தம் வேற. குட்டிக் குட்டியா ஏதோ பறக்குது, கொசுன்னு நெனச்சு பேட்டால அடிச்சிட்டிருந்தேன்.

மொட்டைமாடி:
அது கொசு இல்ல, ஈர மண்ல முட்டை போடற ஈ, மண்ணு காஞ்சா தானா குறையும். உங்க செடி தாகத்துல தொங்கல, மூழ்கிப் போய் தொங்குது. வேருக்கும் காத்து வேணும், ஓட்டை இல்லாத தொட்டில தண்ணி தங்கி காத்து போற இடத்தையெல்லாம் அடைச்சிடும், வேர் அழுகும், அழுகின வேரால தண்ணிய உறிஞ்ச முடியாது, அதனால இலை தண்ணி இல்லாத மாதிரியே தொங்கும், நீங்க பாவம்னு இன்னும் ஊத்துவீங்க. நர்சரில நிறைய கோகோபீட், அதான் தேங்கா நார்த் தூள், போட்டுத் தராங்க, அது மேல காஞ்சு காட்டும், உள்ள பிடிச்சு வச்சிருக்கும். இருட்டு ஹால்ல செடி குடிக்கறதும் கம்மி.

தண்டு கருத்துட்டதால அடிப்பக்கம் தேறாது. மேல பச்சையா இருக்கற கொடியை கணுவுக்குக் கீழ வெட்டுங்க, கணுல பழுப்பா சின்ன மொட்டு மாதிரி துருத்திட்டிருக்கும், அங்கிருந்துதான் வேர் வரும். அந்தக் கணு முழுகற மாதிரி பாட்டில் தண்ணில வைங்க, இலை முழுகக்கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க. செராமிக்கைத் தூக்கிப் போடாதீங்க, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டில செடிய நட்டு அதுக்குள்ள எறக்கி வைங்க, தண்ணி ஊத்தி அரை மணி நேரம் கழிச்சு அடில தேங்கினதைக் கொட்டிடுங்க.

குரோம்பேட்டை வாசி:
நடுவுல ஒண்ணு, ஆர்ஓ மெஷின் வேஸ்ட் தண்ணி வீணாப் போகுதேன்னு செடிக்கு ஊத்திட்டிருக்கேன். மண்ணு மேல வெள்ளையா படியுது, இலை நுனியெல்லாம் கருகுது. வெயில்ல வைக்கணுமோ?

மொட்டைமாடி:
வெயில்லயா, கத்திரில பால்கனில வச்சா மணி பிளான்ட் அப்பளம்தான். அந்த வெள்ளை உப்பு. ஏற்கெனவே போர் தண்ணி உப்பு, அதுல இருந்து மெஷின் பிரிச்செடுத்த உப்பெல்லாம் வேஸ்ட்லதான் வருது, அதை வச்சு பாத்ரூம் கழுவுங்க. ஏசி தண்ணி பக்கெட்ல பிடிச்சா அதுல உப்பு ரொம்பக் கம்மி, ஊத்தலாம். மழைத் தண்ணி கெடைச்சா இன்னும் நல்லது.

செடிகொல்லி:
அப்டேட், 18 நாள் ஆச்சு. தொட்டியக் கவுத்தப்போ வேரைப் பிடிச்சா தோல் தனியா உருவிட்டு வந்துது, அன்னிக்கு சாப்பாடே எறங்கல. வெட்டி வச்ச நாலு துண்டுல ஒண்ணு அழுகிடுச்சு, மிச்ச மூணுலயும் வெள்ளையா வேர் விட்டிருக்கு, ஒண்ணுல விரல் நீளம்! காலைல காபியோட கை தானா டம்ளரைத் தேடுது, அடக்கிட்டு பாட்டிலை மட்டும் பாத்துட்டுப் போறேன். மாமி வந்து பாத்துட்டு ஒரு துண்டு கேட்டாங்க. கேட்டு வாங்கினா வராதே மாமின்னேன். சரி, நீ உள்ள போய் காபி போடுன்னுட்டாங்க. இப்போ பாட்டில் ரெண்டுதான் இருக்கு.