இண்டிக்சன் என்பது வரியா, வருடமா?

மல்லாவியான்:
உரோமர் ஆட்சிக்கால எகிப்தைப் பற்றிய நூலொன்றில், பாப்பிரசு ஏடொன்று ‘ஏழாம் இண்டிக்சன்’ என்று திகதியிடப்பட்டிருப்பதாக வாசித்தேன். அகராதி ‘வரி விதிப்பு’ என்கிறது. நூலோ ‘15 ஆண்டுச் சுற்று’ என்கிறது. எது சரி? ஏழாவது சுற்று என்று கொள்ளலாமா?

முள்ளியவளை வாத்தியார்:
இரண்டும் சரிதான் தம்பி. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது. இலத்தீனில் ‘இண்டிக்தியோ’ என்றால் அறிவித்தல். வழமையான வரிக்கு மேலதிகமாக, படைக்கும் அரண்மனைக்கும் தேவைப்பட்ட தானியத்தைக் கேட்டு விடுக்கப்பட்ட கட்டளையையே முதலில் அப்படி அழைத்தார்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் நாணயத்தின் பெறுமதி சரிந்து, காசாக அறவிட்ட வரி படைக்குச் சோறு போடவும் போதாமற் போனதால், இடையிடையே வந்த அந்தக் கட்டளையை உரோமப் பேரரசர் டயோக்கிளீசியன் ஆண்டுதோறும் வரும் அறவீடாக்கினார். பின்னர் 15 ஆண்டுகள் ஒரு சுற்றாயின. முதற்சுற்று 312 செப்டெம்பர் 1 முதல் எண்ணப்படுகிறது. நம் பக்கத்தில் சிறுபோக நெல் மூடையாகும் அந்த நாள்களில், அங்கே கோதுமை களஞ்சியம் ஏறியிருக்கும்.

ஆனால் ‘ஏழாம்’ என்பது சுற்றுக்குள் வரும் ஏழாவது ஆண்டையே குறிக்கும். சுற்றுகளுக்கு அவர்கள் எண் இடவில்லை.

செட்டிகுளத்தாள்:
நம்முடைய வருடப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. என் அம்மப்பாவின் சாதக ஓலையில், பூச்சி அரித்த ஓரத்தை ஒட்டி, ‘விரோதி வருடம், ஆவணி’ என்று மட்டுமே இருக்கிறது. 1889இலும் 1949இலும் விரோதி வந்தது. ஆயினும் அவர் எந்த விரோதியில் பிறந்தார் என்று வீட்டில் எவரும் தடுமாறுவதில்லை. 60 ஆண்டு இடைவெளியை நினைவே தீர்த்துவிடும். 15 ஆண்டென்றால், காணி உறுதியில் உள்ள பெயர் தகப்பனுடையதா மகனுடையதா என்பதே வழக்காகிவிடும் அல்லவா?

முள்ளியவளை வாத்தியார்:
தங்கச்சி சொல்வது முக்கியமானது. 537இல் பேரரசர் யுஸ்தினியன் பிறப்பித்த சட்டம், ஆவணங்களில் பேரரசரின் ஆட்சியாண்டையும் கொன்சல் எனப்பட்ட உரோம உயர் பதவியாளரின் பெயரையும் எழுதி, அதன் பின்னரே இண்டிக்சனைக் குறிக்க வேண்டும் என்றது. அந்த வரி மறைந்து நெடுங்காலமான பின்பும் ஐரோப்பிய உறுதிகளில் இந்த எண் தொடர்ந்தது. கிரேக்கத் திருச்சபைக்கு இன்றும் செப்டெம்பர் 1தான் ஆண்டுப் பிறப்பு. கணக்கிட விரும்பினால், ஆண்டுடன் 3ஐக் கூட்டி 15ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி இல்லையேல் பதினைந்தாம் ஆண்டு. செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரையான மாதங்களுக்கு 3க்குப் பதிலாக 4ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மல்லாவியான்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. அப்படியானால் என் ஏடு 318, 333, 348 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய எந்த ஏழாம் ஆண்டுக்கும் உரியதாகலாம். அதே ஏட்டில் கொன்சல் ஒருவரின் பெயரும் இருப்பதாக அடிக்குறிப்பு சொல்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிட்டேன். இன்றிரவு அந்தப் பக்கத்தை மீண்டும் புரட்டிப் பார்க்கிறேன்.