என்எல்பி (கம்ப்யூட்டருக்கு மனுஷ மொழி பழக்குற துறை) லேப்ல சேரப்போற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: முதல் மாசம்

கேள்வி: அண்ணாச்சி, அக்கா, பாளையங்கோட்டையில எம்.எஸ்சி. முடிச்சாச்சு. அக்டோபர்ல ஜெர்மனியில என்எல்பி லேப் ஒண்ணுல பிஎச்.டி. சேரணும். தலைப்பு நெல்லைப் பேச்சுத்தமிழ். முதல் மாசம் எதுல கவனமா இருக்கணும்?

பதில் 1: தம்பி, முதல் வாரம் மொழி மாடல் பக்கமே போகாத. கிளஸ்டர் (லேப் எல்லாரும் பகிர்ற பெரிய கம்ப்யூட்டர் கூட்டம்) அக்கவுண்ட் வந்ததும் ஹோம் டைரக்டரி (உன் சொந்த ஃபோல்டர்) கோட்டா, அதாவது இட வரம்பு, எவ்வளவுன்னு பாரு. ஹக்கிங் ஃபேஸ்ங்கிற மாடல் தளத்துல இருந்து இறக்குறதெல்லாம், வேற இடம் சொல்லலேன்னா, ஹோமுக்குள்ள இருக்கிற கேஷ் ஃபோல்டர்லதான் போய் உக்காரும். 7 பில்லியன் அளவுரு (பாராமீட்டர்) உள்ள மாடல் 16 பிட்ல 14 ஜிபி. ரெண்டு இறக்கினா பல இடத்துல கோட்டா தீந்துரும், பிறகு ஒரு ஃபைலும் சேவ் ஆகாது. கேஷ் எங்க இருக்கணும்னு சொல்ற எச்எஃப்_ஹோம் (HF_HOME) மாறியை ஸ்க்ராட்ச்ங்கிற பெரிய தற்காலிக டிஸ்குக்குத் திருப்பிவிடு. ஆனா ஸ்க்ராட்ச்சுக்கு பெரும்பாலும் பேக்கப் கிடையாது, பழைய ஃபைல் தானா அழியுற இடமும் உண்டு. எழுதுற புரோகிராமை கிட்ல (மாற்றங்களைச் சேமிக்கிற கருவி) வை, ஒலிப்பதிவை வேற இடத்துல வை.

எல்லாரும் உள்ள நுழையுற லாகின் நோட் கம்ப்யூட்டர்ல ட்ரெயினிங் ஓட்டாத, அட்மின் கொன்னுபோடுவாரு (ஜாபைத்தான்). ஜாபுகளை வரிசைப்படுத்துற ஸ்லர்ம்ல 48 மணி நேரம் கேட்டா வரிசையிலயே கிடக்கும். செக்பாயிண்ட்ல (பாதியில சேவ் பண்ணின நிலை) இருந்து தொடர்ற மாதிரி எழுதி 4 மணி நேரத் துண்டா கேளு, இடுக்குல நுழைஞ்சிரும். ஜிபியு மெமரி பத்தாம செத்தா பேட்சை (ஒரு தடவையில ஏத்துற உதாரணங்கள்) 32ல இருந்து 8 ஆக்கி, கிரேடியண்ட் அக்யூமுலேஷன் (எத்தனை பேட்சைச் சேத்து மாடலைத் திருத்தணும்ங்கிற எண்) 4 வை. கணக்கு ஒண்ணுதான், நேரம் கொஞ்சம் கூடும்.

பதில் 2: அண்ணாச்சி சொன்னது மிஷின் பாடு. உனக்கு உண்மையான பாடு டேட்டாலதான்.

'கொ'வுல வர்ற குறியை ஒரே குறியாவும் அடிக்கலாம், முன்னொண்ணு பின்னொண்ணா ரெண்டாவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு சொல். எல்லாத்தையும் என்எஃப்சிக்கு (யூனிகோடோட ஒரே சீரான வடிவம்) மாத்தின பிறகு எண்ணு. யூடிஎஃப்-8ங்கிற சேமிப்பு முறையில தமிழ்க் குறி ஒண்ணுக்கு 3 பைட். 'நெல்லை'யில எழுத்து, ஒற்றைக்கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணினா 6 குறி, 18 பைட். தமிழ் அதிகம் பாக்காத டோக்கனைசர் (உரையை டோக்கன்ங்கிற துண்டுகளா வெட்டுற நிரல்) சொல்லைப் பொடிப்பொடியா நறுக்கும், 512 டோக்கன் வரம்புல பேச்சு பாதியில அறுந்துரும்.

யுனிவர்சல் டிபெண்டன்சீஸ்ங்கிற இலக்கணக் குறிப்பிட்ட வாக்கியத் தொகுப்புல இருக்கிற தமிழ் டிடிபி (TTB) 600 வாக்கியம், அத்தனையும் செய்தித்தமிழ். அதுல பழகின மாடல் 'வருதான்'ல 'த்'தைப் பாத்துட்டு இறந்தகாலம்னு சொல்லலாம், நமக்கு அது நிகழ்காலம். அதுக்காக 'வருகிறான்'னு மாத்தி எழுதிராத. அட்டவணையில பேசின மூலம் ஒரு பத்தி (காலம், column), எழுத்துநடை ஒரு பத்தின்னு தனித்தனியா வை.

வாக்கியத்துக்கு லேபிள் (திட்டா, கொஞ்சலான்னு குறிக்கிறது) போட நம்ம பக்கத்து ஆளுவளையே பிடி. வேற ஊர்க்காரங்களுக்கு 'ஏலே' வந்தாலே திட்டாத்தான் படும், தாத்தா பேரனைக் கொஞ்சுனதும் வசவுக் கணக்குல சேந்துரும். 100 வாக்கியத்தை ரெண்டு பேர் தனித்தனியா செய்யட்டும், கோஹன் கப்பா (ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போறாங்கன்னு காட்டுற அளவு) போட்டுப் பாரு. 0.6க்குக் கீழ வந்தா ஆளைக் குறை சொல்லாம வழிகாட்டுக் குறிப்பைத் திருத்து. ஊர்ல ஒருத்தர் குரலைப் பதியுமுன்ன பல்கலைக்கழக எத்திக்ஸ் (ஆய்வு நெறி) அனுமதி வாங்கிரணும், பின்தேதி போட்டுத் தர மாட்டாங்க.

பதில் 3: ஒரு நாளைக்கு மேல ஒரு பிழையில முட்டிக்கிட்டு இருக்காத. எரர், ஓட்டின கமாண்ட், முயற்சி பண்ணினது மூணையும் எழுதி லேப் சாட்ல போடு. நம்மாளுக வெக்கப்பட்டே வாரம் போக்குதாவ.

கட்டுரை அனுப்புற நேரம் வந்தா, ஏசிஎல்ங்கிற என்எல்பி மாநாட்டுல நீளக் கட்டுரைக்கு 8 பக்கம். லிமிடேஷன்ஸ் (ஆய்வோட குறைகளைச் சொல்ற) பகுதி அதுல சேராது, ஆனா விட்டுட்டா படிக்காமலே திருப்பிருவாங்க. கெடு இரவு 11:59 ஏஓஇ (பூமியில எங்கயாவது அந்த நாள் முடியாம இருக்கிறவரைக்கும்)ன்னா அது யூடிசி கழித்தல் 12. குளிர்காலத்துல ஜெர்மனிக்கு மறுநாள் மதியம் 12:59, ஊர்ல சரிபாக்குற ஆளுக்கு சாயங்காலம் 5:29.