பேஜை ஏய்க்கும் டிஎன்ஏ துண்டுகள்: பாக்டீரியாவின் காவலா, சொந்தப் பிழைப்பா?

முகிலன்:
பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரஸ்களையே சுரண்டிப் பரவும் டிஎன்ஏ துண்டுகளை எல்லோரும் 'ஒட்டுண்ணி' என்றே எழுதுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. காலரா கிருமியில் இருக்கும் அப்படிப்பட்ட ஒரு துண்டான பிஎல்இயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசிபி1 என்ற பேஜ் நுழைந்ததும் அது குரோமோசோமிலிருந்து கழன்று படியெடுத்துப் பெருகுகிறது. அந்தச் செல்லிலிருந்து ஒரு ஐசிபி1 கூட வெளியேறுவதில்லை. இது காவல் இல்லையென்றால் வேறென்ன?

தேன்மொழி:
காவல் என்றால் வீட்டுக்காரர் பிழைத்திருக்க வேண்டாமா? அந்தச் செல் செத்துத்தான் போகிறது. போதாக்குறைக்கு, பிஎல்இயே அதைச் சீக்கிரம் வெடிக்க வைக்கிறது. வெளியே வருவது பேஜின் புரதங்களால் ஆன கூட்டில் ஏறிக்கொண்ட பிஎல்இ. யாருக்கு லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

முகிலன்:
செத்தது ஒரு செல், அக்கா. சுற்றியிருப்பவை அதே வம்சம். பேஜ் பெருகாததால் அவை தப்பிக்கின்றன. இன்னொன்று: சில ஐசிபி1 பேஜ்கள் தங்களுக்கென்று ஒரு கிரிஸ்பர் அமைப்பையே, அதாவது பாக்டீரியாக்கள் அந்நிய டிஎன்ஏவை அடையாளம் கண்டு வெட்டப் பயன்படுத்தும் கருவியையே, வைத்துக்கொண்டு பிஎல்இயை வெட்டுகின்றன. கிம்பர்லி சீட் குழு 2013-இல் இதை வெளியிட்டது. பாக்டீரியாவின் ஆயுதம் வைரஸ் கையில்! பிஎல்இ பெரிய தடையாக இல்லாவிட்டால் பேஜுக்கு அது எதற்கு?

தேன்மொழி:
பேஜுக்கு எதிரி என்பதாலேயே பாக்டீரியாவுக்கு நண்பன் ஆகிவிடாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவில் இருக்கும் சேப்பிகளைப் பாருங்கள், அவையும் பேஜைச் சுரண்டிப் பரவும் டிஎன்ஏ துண்டுகள்தான். அவற்றில் ஒன்றான சேப்பி-போவ்1-இல் எஸ்டிஎல் என்ற புரதம் டிஎன்ஏமேல் உட்கார்ந்து அதைத் தூங்க வைத்திருக்கும். பேஜ் உள்ளே வந்து தன் வேலைக்காக டியூடிபேஸ் என்ற நொதியைத் தயாரித்ததும், அது எஸ்டிஎல்லைப் பிடித்துக்கொள்கிறது. பூட்டு கழன்றது, சேப்பி விழித்தது. பேஜுக்குக் கட்டாயம் தேவைப்படும் பொருளையே அலாரமாக வைத்திருக்கிறது, அதுதான் என்னை அசர வைப்பது. பிறகு பேஜின் கூட்டுப் புரதங்களைச் சின்னக் கூடாகக் கட்ட வைக்கும். சுமார் 15 ஆயிரம் டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள சேப்பி அதில் அடங்கும், 40 ஆயிரத்துக்கு மேல் நீளமுள்ள பேஜ் அடங்காது. இருந்தும் பேஜ் முற்றிலும் நிற்பதில்லை. முற்றிலும் நின்றால் அடுத்த முறை ஏறிப்போக வண்டி ஏது?

பாரி:
இருவரும் மருத்துவப் பக்கத்தை விட்டுவிட்டீர்கள். சேப்பிகளில் ஒன்றான சேப்பி1 சுமப்பது, உயிருக்கே ஆபத்தான டாக்ஸிக் ஷாக் நோயை உண்டாக்கும் நச்சின் ஜீன். பேஜைக் கொண்டு ஸ்டெஃபிலோகாக்கஸை ஒழிக்க நினைத்து, தெரியாமல் சேப்பியை எழுப்பும் பேஜைக் கொடுத்தால், மருந்தே நச்சு ஜீனை ஊர் ஊராகக் கொண்டுபோகும். மிதமான பேஜ்களை, அதாவது செல்லை உடனே கொல்லாமல் அதன் டிஎன்ஏவோடு ஒட்டித் தங்கிவிடக்கூடியவற்றை, தவிர்ப்பதோடு இதையும் சோதித்தே ஆகவேண்டும்.

தேன்மொழி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். 'காவல்' என்று பெயர் வைத்துவிட்டால் இந்தச் சோதனை யாருக்கும் தோன்றாது.

முகிலன்:
ஸ்டெஃபிலோகாக்கஸில் உங்கள் வாதம் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். காலராவில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே பேஜ் முழுதாக நிற்கிறது. 1949-இல் சேகரித்த கிருமியிலேயே பிஎல்இ இருக்கிறது, அதன்பின் ஒரு வகை போனால் இன்னொரு வகை வருகிறது. சுமப்பவனுக்கு உதவாத சுமை இத்தனை பத்தாண்டுகள் நோய் பரப்பும் வம்சத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்குமா?