ஓட்டமும் பிட்சும் ஒரே விடியலில சரிவருமா?

உப்புவெளிக்காற்று:
திருகோணமலையில தொழில் தொடங்க நினைக்கிற இளம் ஆக்களையும் முதல் போடக்கூடிய ஆக்களையும் சந்திக்க வைக்க ஒரு யோசனை. ஹோட்டல் மண்டபம் எடுத்தால் தெரிஞ்ச ஆக்கள் தெரிஞ்ச ஆக்களோடயே ஒரு மேசையில குந்தியிருப்பினம். அதால ஞாயிறு விடிய 5 கி.மீ. ஓட்டம் ஒண்டு வைப்பம், 120 பேர். டச்பே கடற்கரையில வெளிக்கிட்டு உள்துறைமுக வீதிப் பக்கம் போய்த் திரும்பி வாறது. முடிஞ்ச கையோட கடற்கரையில 12 பேர் ஆளுக்கு 3 நிமிசம் பிட்ச், அதாவது முதல் போடக்கூடிய ஆக்களுக்குத் தங்கட தொழில் யோசனையைச் சுருக்கமாச் சொல்லுறது. என்ன சொல்லுறியள்?

சப்பாத்து_43:
ஓட்டம் நல்லது. ஓடி முடிஞ்ச கையோட ஆக்களை நிப்பாட்டிப் பேச்சுக் கேட்க வைக்கிறதுதான் பிழை. ஓடேக்க கால் தசை இறுகி இறுகித்தான் இரத்தத்தை மேல தள்ளுது. கோட்டைத் தாண்டினதும் அப்பிடியே நிண்டால் இரத்தம் காலில தங்கும், தலை சுத்தும், சில பேர் விழுந்தும் போவினம். 10 நிமிசமாவது நடக்க வேணும்.

நேரத்தையும் பாருங்கோ. 3 நிமிசம் பேச்சு, 2 நிமிசம் கேள்வி, 12 பேருக்கு ஒரு மணித்தியாலம். ஆள் மாற, மைக் கை மாற இன்னும் கால் மணி. நனைஞ்ச பெனியனோட ஆர் இருந்து கேட்கிறது? டச்பே கிழக்குப் பார்த்த கரை, ஏழரைக்கு வெயில் முகத்திலதான்.

கணக்குப்பிள்ளை:
நானும் எதிர்ப்புத்தான், காரணம் வேறு. மூன்று நிமிடப் பேச்சைக் கேட்டு யாரும் காசோலை எழுதுவதில்லை. அந்த மூன்று நிமிடம் எதற்கு? இரண்டாவது சந்திப்புக்கு ஒரு நாள் குறிப்பதற்கு. அதற்கு மேடை தேவையில்லை. கடற்கரை வெயிலில் திரையில் போடும் படம் ஒன்றும் தெரியாது. காற்று மைக்கில் அடித்தால் பாதிச் சொல் போய்விடும். ஒலிபெருக்கிக்கு பொலிஸ் அனுமதியும் எடுக்க வேண்டும். ஓட்டத்தை ஒரு நாளும் பிட்ச்சை இன்னொரு நாள் மாலையும் வையுங்கள்.

உப்புவெளிக்காற்று:
அப்ப ஓடிக்கொண்டே கதைச்சால் என்ன? மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம்.

சப்பாத்து_43:
ஏலாது. மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் சொல்லக்கூடிய வேகத்திலதான் கதைக்கலாம். 25 நிமிசத்தில 5 கி.மீ. முடிக்கிற பெடியனுக்கு அந்த வேகம் ஒண்டு, கிழமையில ஒரு நாள் நடக்கிற கடை முதலாளிக்கு இன்னொண்டு. முதலாளி நடந்து முடிக்க 55 நிமிசம் ஆகும். முதல் கிலோமீற்றரிலயே ரெண்டு பேரும் பிரிஞ்சிடுவினம். சந்திக்க வேண்டிய ஆக்கள் சந்திக்கவே மாட்டினம். கடற்கரை மணலில ஓட விடுவம் எண்டும் நினைக்காதேங்கோ. இறுகின தரையை விட மணலில ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி வேணும். கதை எங்க வரும்?

நாலாம்_கட்டை:
ரெண்டு பேரும் சொல்லுறது சரி, ஆனால் பிரிச்சு வைக்கத் தேவையில்லை. தூரத்தை விட்டிட்டு நேரத்தைப் பிடியுங்கோ. எல்லாரும் 5.45க்கு வெளிக்கிடுறது, 15ஆவது நிமிசம் விசில், நிண்ட இடத்தில திரும்பிறது. வேகமா ஓடினவர் தூரப் போயிருப்பார், மெல்ல நடந்தவர் கிட்டத்தான் நிப்பார், ஆனால் 6 மணி 15க்கு ரெண்டு பேரும் தொடங்கின இடத்தில. பிந்தி வாறவை ரெண்டு மூண்டு நிமிசம் பிந்துவினம், அவ்வளவுதான். 3 கி.மீ.க்கு அங்கால ஒருத்தரையும் விடாதேங்கோ, விசில் கேக்காது. சந்திக்கு சந்தி விசிலோட ஒரு ஆள், கடைசி ஆளுக்குப் பின்னால ஒரு சைக்கிள்.

பிறகு சப்பாத்து அண்ணை கேட்ட நடை. மூண்டு மூண்டு பேரா 15 நிமிசம்: தொழில் தொடங்கிறவர் ஒருத்தர், முதல் உள்ளவர் ஒருத்தர், சும்மா ஓட வந்தவர் ஒருத்தர். 5 நிமிசத்துக்கு ஒருக்கா விசில். தொழில்காரர் அப்பிடியே நடக்க, மற்ற ரெண்டு பேரும் பின் குழுவுக்கு மாறுவினம். மேடைப் பேச்சு சாப்பாட்டுக்குப் பிறகு, நிழலில, 6 பேர் மட்டும், ஆளுக்கு 90 செக்கன்.

பாதையை பிரெட்ரிக் கோட்டைக்குள்ள கொண்டு போகாதேங்கோ. ஞாயிறு கோணேசர் கோயிலுக்கு வாற பஸ்ஸும் சனமும் அந்த ஒரு வாசலாலதான். மாதம் மே தொடக்கம் ஓகஸ்ட், மாரியில வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
இது வேறு கதை; 90 செக்கனுக்கு என் எதிர்ப்பு இல்லை. ஆனால் “நாங்கள் ஒரு டிஜிட்டல் தளம்” என்று தொடங்குபவரை உடனே நிறுத்துங்கள். “உப்புவெளியில் விடுதி நடத்துபவர் அன்றைய மீனுக்காக விடிய நாலு பேருக்குப் போன் எடுக்கிறார், நாங்கள் அதை ஒன்றாக்குகிறோம்” என்று தொடங்கினால், கேட்பவருக்கு ஆள் தெரியும், வலி தெரியும், காசு எங்கே என்றும் தெரியும்.

தொடர்பு எடுப்பதில்தான் சிக்கல் வரும். விசிட்டிங் கார்ட் நனையும், ஈரக் கையில் போன் திறக்காது. நெஞ்சில் குத்தும் நம்பரைப் பெரிதாகப் போடுங்கள். “37ஆம் நம்பரோடு கதைக்க வேண்டும்” என்று பின்னேரம் ஒழுங்கமைப்பாளருக்கு வட்ஸ்அப் வரட்டும். இருவரும் சம்மதித்தால் மட்டும் தொலைபேசி இலக்கம் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பதிவுப் படிவத்திலேயே சம்மதம் கேளுங்கள்.

உப்புவெளிக்காற்று:
நம்பரைச் சாதாரண தாளில அடிக்கலாமா?

சப்பாத்து_43:
வேர்வையில பின் குத்தின இடத்தால கிழியும். லமினேற் பண்ணினால் ஓரம் கழுத்தை வெட்டும். நனைஞ்சாலும் கிழியாத தாள் எண்டு அச்சகத்தில கேளுங்கோ. ஆளுக்கு 4 சேப்டி பின், 120 பேருக்கு 480, 500 வாங்குங்கோ.

நாலாம்_கட்டை:
தண்ணி: பாதையில 200 மி.லீ. ரெண்டு தரம், முடிவில அரை லீற்றர். மொத்தம் 108 லீற்றர். 19 லீற்றர் போத்தல் 6 காணும், 7 எடுங்கோ. ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சத்துத் தூள்) கொஞ்சம் கையில வையுங்கோ. 1990 எண்ட நம்பருக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸ் அவசரத்துக்கு, முன்கூட்டிப் பிடிச்சு வைக்கிற வாகனமில்லை. முதலுதவி தெரிஞ்ச ரெண்டு பேரை நீங்கள்தான் தேட வேணும். சாப்பாட்டுக்கு அவிச்ச பயறும் தேங்காய்ப்பூவும், ஆளுக்கு 60 கிராம் காய்ஞ்ச பயறு எண்டால் 7 கிலோவுக்குச் சற்றுக் கூட.

சாப்பாடு சுத்துற பொலித்தீன் லஞ்ச் சீற்றும் பிளாஸ்டிக் கோப்பையும் வேண்டவே வேண்டாம். மான் ஒண்டு குப்பைப் பைக்குள்ள தலையை விட்டு வாழைப்பழத் தோலை இழுக்கேக்க பொலித்தீனும் சேர்ந்துதான் வாய்க்குள்ள போகும். எங்கட நகரத்து மான்கள் அதைத் தின்று சாகிறது எல்லாருக்கும் தெரியும். போத்தலும் கிண்ணமும் அவரவர் கொண்டு வரட்டும்.

சப்பாத்து_43:
எல்லாம் சரி, ஒண்டு கேக்கிறன். 5 கி.மீ.யும் இல்லை, முடிவுக் கோடும் இல்லையெண்டால் ஓடுற ஆக்கள் ஏன் வருவினம்? எங்கட பெடியள் நேரம் பார்க்கத்தான் வாறது.

உப்புவெளிக்காற்று:
15 நிமிசத்தில ஆர் எவ்வளவு தூரம் எண்டு 500 மீற்றருக்கு ஒரு பலகை வைப்பம். திரும்பின இடத்தை அவரவர் சொல்லட்டும்.

சப்பாத்து_43:
பொய் சொல்லுவினம்.

கணக்குப்பிள்ளை:
அது முதலீட்டாளருக்கும் பயன்படும்.